கடலில் எண்ணெய் என்று சந்தேகம்: பங்கு வைத்திருப்பவருக்கும் வலை வைத்திருப்பவருக்கும்

மட்டக்களப்பின் பெரியகல்லாற்றில் பிறந்து இப்போது லண்டனில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஒரு எண்ணெய்க் கம்பனியின் கடற்குழாய்ப் பக்கம் எண்ணெய்ப் படலம் தெரிகிறது, கசிவாக இருக்கலாம் என்று செய்தி வந்த அன்றே அதன் பங்கு விலை சரிந்துவிட்டது. தன்னிடமும் அதில் கொஞ்சம் இருக்கிறது. வெறும் சந்தேகம் இவ்வளவு செய்யுமா, விற்பதா வைத்திருப்பதா? இதே மாதிரி நம்முடைய கடலில் நடந்தால் கரைவலைக்குப் போகும் அண்ணனுக்கும், கருவாடு போடும் அம்மாவுக்கும் என்ன ஆகும்?

தம்பி, இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லது. லண்டனில் பங்கு வைத்திருப்பவரும் கல்லாற்றில் வலை வைத்திருப்பவரும் முதல் நாளில் தேடுவது ஒரே இலக்கத்தைத்தான்: எவ்வளவு எண்ணெய் வெளியே போனது? அந்த இலக்கம் யார் கையில் இருக்கிறது, அவர் எப்போது வாய் திறக்கிறார் என்பதில்தான் இரண்டு பேருடைய நட்டமும் தங்கியிருக்கிறது. முதலில் வெளிவரும் இலக்கம் அநேகமாகப் பிழையாகவே இருக்கும். அது இரண்டு பக்கமும் பிழைக்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2021 ஒக்டோபர் 1, வெள்ளிக்கிழமை. கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் கடற்கரைக்கு அப்பால் தண்ணீர் பளபளக்கிறது, எண்ணெய் நெடி அடிக்கிறது என்று அன்று பின்னேரம் தகவல்கள் வரத் தொடங்கின. அம்ப்ளிஃபை எனர்ஜி என்ற சிறிய கம்பனியின் கடலடிக் குழாய் அது. பிற்பகல் 4 மணி தாண்டியதுமே கட்டுப்பாட்டு அறையில் கசிவு எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. மறுநாள் காலை குழாயை முற்றாக நிறுத்துவதற்குள் எட்டுத் தடவை மணி அடித்ததும், அதைப் பொய் எச்சரிக்கை என்று நினைத்து ஊழியர்கள் குழாயை மீண்டும் மீண்டும் இயக்கியதும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணையில் தெரியவந்தன. முதல் மணிக்கே நிறுத்தியிருந்தால் சேதம் பெருமளவு குறைந்திருக்கும். குழாய் ஏன் வெடித்தது என்பது இன்னொரு கதை. அந்த ஆண்டு ஜனவரிப் புயலில், துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்ற இரண்டு கொள்கலன் கப்பல்களின் நங்கூரம் இழுபட்டு, குழாயை நூறு அடிக்கு மேல் இடம்பெயர்த்திருந்தது. எட்டு மாதமாக யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை சந்தை திறந்ததும் அந்தப் பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் இருந்த இலக்கம் 144,000 கலன் வரை என்பது. கடைசியில் கணக்கிட்டபோது ஏறத்தாழ 25,000 கலன், அதாவது 588 பீப்பாய். அன்று பயந்து விற்றவர், கிட்டத்தட்ட ஆறு மடங்கு பெருத்த ஓர் இலக்கத்துக்குத் தன் பங்கைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் பங்கு விலை கசிவுக்கு முந்திய நிலையைத் தாண்டியது. மீனவருக்கோ கடல் இரண்டு மாதம் மூடிக்கிடந்தது. நவம்பர் 30 அன்றுதான் திறந்தார்கள். மீனவர், கரையோர வீட்டுக்காரர், சுற்றுலாத் தொழில் செய்வோர் எல்லோருக்குமாகக் கம்பனி 50 மில்லியன் டொலர் கொடுக்க ஒத்துக்கொண்டது, கப்பல்காரர் தரப்பு இன்னொரு 45 மில்லியன். ஆனால் அதெல்லாம் வழக்கு முடிந்து 2023 இல்தான்.

மறுபக்கம் பிபி என்ற பெரிய பிரித்தானிய எண்ணெய்க் கம்பனி. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய் தோண்டும் தளம் வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கிணறு 87 நாள் கட்டுக்கடங்காமல் கொட்டியது. நாளொன்றுக்கு 5,000 பீப்பாய் என்று பிபி முதலீட்டாளர்களுக்கு எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் அமெரிக்க அரசின் நிபுணர் குழு போட்ட கணக்கு 53,000 முதல் 62,000 பீப்பாய் வரை. பத்து மடங்குக்கும் மேல். பங்கு விலை ஜூன் முடிவதற்குள் பாதிக்கும் கீழே போனது, பங்கிலாபம் நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்தில் பிரித்தானியக் கம்பனிகள் கொடுத்த பங்கிலாபத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பிபியிடமிருந்து வந்தது. ஆகவே அடிபட்டது பெரிய முதலாளிகள் மட்டும் அல்ல. ஓய்வூதிய நிதியத்தில் மாதாமாதம் பிடித்தம் கட்டிய பஸ் சாரதியும் தாதியும்கூட. கசிவின் அளவைக் குறைத்துச் சொல்லி முதலீட்டாளர்களை ஏமாற்றினார்கள் என்பதற்காகவே 2012 இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு 525 மில்லியன் டொலர் தண்டம் போட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பங்கு வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி தெரியும். எண்ணெய் எங்கிருந்து வருகிறது? குழாயில் இருப்பது குழாயளவு, கப்பலில் இருப்பது கப்பலளவு. இரண்டுக்கும் ஒரு முடிவு உண்டு. கிணறு கட்டுப்பாட்டை இழந்தால் முடிவு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கம்பனியில் நடந்தது குழாய்க் கசிவு என்றால், அந்தக் குழாயின் கொள்ளளவும், எப்போது நிறுத்தினார்கள் என்ற நேரமும் கிடைத்தாலே உச்சவரம்பைப் போட்டுவிடலாம். அடுத்தது கம்பனியின் பருமன். பிபி போன்ற ஒன்று மொத்தம் 65 பில்லியன் டொலர் அளவில் செலவழித்தும் உயிரோடு இருக்கிறது. ஒரே ஒரு எண்ணெய் வயலை நம்பியிருக்கும் சின்னக் கம்பனிக்கு, குழாய் மூடிக்கிடக்கும் ஒவ்வொரு மாதமும் மூச்சுமுட்டல். காப்புறுதி எதற்கு இருக்கிறது, எந்தத் தொகைக்கு மேல் இல்லை என்பதை ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் தேடுங்கள். மூன்றாவது, கூட்டாளிகள். மெக்சிக்கோ வளைகுடாக் கிணற்றில் அனடார்கோ கம்பனிக்கு 25 சதவீதம் மட்டும்தான், தோண்டியது பிபி. அப்படியிருந்தும் அனடார்கோ 4 பில்லியன் டொலர் கட்டி ஒதுங்கியது. "நாங்கள் இயக்கவில்லை" என்ற சொல் பாதுகாப்புத் தராது.

விற்கவா என்று கேட்டால், முதல் நாள் அலையில் விற்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். கம்பனி வெளியிடும் முதல் அறிக்கையைப் பாருங்கள். எப்போது தெரிந்தது, எப்போது நிறுத்தினோம், யாருக்கு அறிவித்தோம் என்று மணிக்கணக்கோடு எழுதியிருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். "நிலைமையைக் கவனித்து வருகிறோம்" என்று மொட்டையாக இருந்தால், எனக்கு அந்தப் பங்கு வேண்டாம். அது பணத்துக்காக மட்டும் சொல்வதல்ல. மணி அடித்ததை மறைக்கும் நிர்வாகம் மீனவரிடமும் மறைக்கும், உங்களிடமும் மறைக்கும்.

இனி அந்தப் படலம். "சந்தேகம்" என்ற சொல் செய்தியில் வரும்போது பெரும்பாலும் ஒரு விமானப் படமோ செய்மதிப் படமோ இருக்கும். செய்மதி ராடர் பார்ப்பது எண்ணெயை அல்ல, கடலின் சின்ன அலைகளை. எண்ணெய் படிந்த இடத்தில் அந்தச் சிற்றலைகள் அடங்கிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். ஆனால் காற்று ஓய்ந்த இடமும் கறுப்பு, பாசி படர்ந்த இடமும் கறுப்பு, மழை கொட்டிய இடமும் கறுப்பு. அதனால்தான் ஆள் போய்ப் பார்த்து, மாதிரி எடுக்கும் வரை சந்தேகம் சந்தேகமாகவே நிற்கிறது.

நேரில் பார்ப்பவருக்கு நிறமே அளவுகோல். வெள்ளிபோல மினுங்கும் மெல்லிய படலம் என்றால் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 40 முதல் 300 லீற்றர் வரைதான். வானவில் நிறம் என்றால் 300 முதல் 5,000 லீற்றர். அதற்கு மேலே உலோக மினுக்கம், பிறகுதான் எண்ணெயின் உண்மையான கறுப்பு அல்லது மண்ணிறம். ஒரு சதுர கிலோமீற்றருக்கு வானவில் விரிந்திருந்தாலும் அதில் இருப்பது சில பீப்பாய்களாக இருக்கலாம். ஒரு வீட்டு முற்றம் அளவு கறுப்புத் திட்டு அதைவிடப் பெரிய கேட்டைக் கொண்டுவரலாம். தோணியில் போகும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். படம் எடுத்தால் மேலிருந்து, சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, நிறம் தெரிய எடுங்கள்.

நம்முடைய கடலுக்கு வருகிறேன். வளைகுடா நாடுகளிலிருந்து இந்தியாவின் கிழக்குத் துறைமுகங்களுக்குப் போகும் எண்ணெய்க் கப்பல்கள் தேவேந்திரமுனையைச் சுற்றி அம்பாறை, மட்டக்களப்புக்கு அப்பால்தான் வடக்கே ஏறுகின்றன. 2020 செப்டெம்பர் 3 அன்று சங்கமன்கண்டி முனையிலிருந்து சுமார் 38 கடல் மைலில் தீப்பிடித்த நியூ டயமண்ட் அப்படி வந்த கப்பல். குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப்புக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெய். கிட்டத்தட்ட 20 இலட்சம் பீப்பாய். கலிஃபோர்னியாவில் இரண்டு மாதம் கடலை மூடவைத்தது 588 பீப்பாய் என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இயந்திர அறையில் வெடித்த தீயில் பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் நாட்கணக்காகப் போராடி அணைத்தார்கள். ஒருமுறை அணைத்த பிறகும் மூண்டது. சரக்குத் தாங்கிகளுக்குத் தீ போகவில்லை. கப்பல் ஓடுவதற்கு வைத்திருந்த எரிபொருளில்தான் கசிவு ஏற்பட்டு, ஓரிரு கிலோமீற்றர் நீளத்துக்குப் படலம் ஒன்று தெரிந்தது. கப்பலின் தலைவர் கொழும்பு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 12 மில்லியன் ரூபா தண்டம் கட்டினார்.

திருக்கோவிலிலும் பொத்துவிலிலும் அந்த வாரம் கரைக்கு எதுவும் வரவில்லை என்பதைப் பலர் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள். அதிர்ஷ்டத்தில் பெரும்பங்கு மாதத்துக்கு. கடலில் எண்ணெய் போகும் வழியைக் கணிக்க ஒரு எளிய கணக்கு உண்டு: நீரோட்டம் போகும் வேகம் முழுவதும், அதோடு காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 சதவீதம். செப்டெம்பர் நமக்குக் கச்சான் காலம். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. பின்னேரக் கடற்காற்று கொஞ்சம் திருப்பினாலும் மொத்தத்தில் எண்ணெய் வெளியேதான் போகும். இதே கப்பல் டிசம்பரில், 20 நொட் (மணிக்கு 20 கடல் மைல்) வாடைக்காற்று கரையைப் பார்த்து அடிக்கும்போது எரிந்திருந்தால்? காற்று மட்டுமே ஒரு நாளைக்கு 14 கடல் மைல் தள்ளும். மூன்று நாளுக்குள் கரை. வாடை மாதங்களில் நம் கரையோர நீரோட்டமும் தெற்கே பாயும். திருகோணமலைப் பக்கம் கொட்டியது வாகரை, பாசிக்குடா, களுவாஞ்சிக்குடி என்று கரையைத் தடவிக்கொண்டே கீழே வரும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ஆற்றுவாய். மட்டக்களப்பு வாவி கடலோடு சேர்வது பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும். வெயில் காலத்தில் மணல் மேடு வளர்ந்து வாய் அடைபடும். மாரியில் வெள்ளம் ஏறினால் வயல் தாழாமல் இருக்க வாயை வெட்டிவிடுவார்கள். அதாவது காற்று கரையை நோக்கி அடிக்கும் அதே மாதங்களில்தான் வாவியின் கதவு திறந்திருக்கிறது. மணற்கரையில் படிந்த எண்ணெயைக் கூட்டி அள்ளலாம். சில மாதங்களில் அலை மிச்சத்தைக் கழுவிவிடும். கண்டல் வேருக்குள் புகுந்ததை எடுக்க வழியில்லை. கண்டல் மூச்சு விடுவது சேற்றுக்கு மேலே நிற்கும் வேர்களால். எண்ணெய் பூசினால் மூச்சடைக்கும். சேற்றில் காற்றோட்டம் இல்லாததால் எண்ணெய் அழுகாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இறாலும் நண்டும் குஞ்சாக இருந்து வளர்வது அங்கேதான். கடலில் இரண்டு மாத நட்டம் வாவிக்குள் போனால் பத்து ஆண்டு நட்டம்.

அப்படியானால் முதல் நாளே முகத்துவாரத்தில் மிதவைத் தடுப்புப் போட வேண்டும், அல்லது மணலைத் தள்ளி வாயை மூட வேண்டும். மூடினால் மழைவெள்ளம் வெளியேறாமல் வெல்லாவெளி, மண்முனைப் பக்கத்து வயல்கள் மூழ்கும். விவசாயி ஒரு பக்கம், மீனவர் ஒரு பக்கம். இந்தச் சண்டையை எண்ணெய் வந்த இரவில் கச்சேரியில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. எத்தனை அடி நீர்மட்டம் வரை மூடி வைக்கலாம், அதற்கு மேல் போனால் எந்த வயலுக்கு யார் நட்டஈடு கொடுப்பது என்று விவசாய அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் மாவட்டச் செயலாளர் முன்னிலையில் நல்ல காலத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

கரைக்கு எண்ணெய் வராவிட்டாலும் மீன் விலை விழும். சந்தைக்குச் செய்தி எண்ணெயைவிட வேகமாகப் போகும். காத்தான்குடிச் சந்தையில் கூறு போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் வாங்க வருபவர் குனிந்து மணந்து பார்த்து, "என்னகா, இது எண்ணெய் பட்ட மீனோ?" என்று கேட்டால், அது வாவியில் விடியப் பிடித்த மீனாக இருந்தாலும் பாதி விலைக்குத்தான் போகும். 2021 இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தபோது, அந்தக் கடலோடு தொடர்பே இல்லாத மீனையும் வாங்க மக்கள் தயங்கினார்கள். ஆகவே மீனைப் பரிசோதித்து, எந்தக் கடல் மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று எல்லையோடு அறிவிப்பது மீனவருக்குச் செய்யும் உதவி. முழுக்கடலையும் மூடுகிறோம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது பிழைப்பைக் கெடுப்பது. ஒன்றும் இல்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று சோதிக்காமல் சொல்வது அதைவிட மோசம். ஒரு சட்டி எண்ணெய் நாற்றக் குழம்பு போதும், அந்தச் சந்தையை அடுத்த மாரி வரை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஊரில் இருப்பவர் பங்குக்காரர் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதியத்துக்குக் கட்டும் எவருடைய பணத்திலும் ஒரு பகுதி கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கிறது. பாசிக்குடாவில் நிற்கும் ஹோட்டல்களில் சில அதே சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகளுக்குச் சொந்தம். அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. அந்த ஐந்து மாத வருமானத்தில்தான் அங்கே பல குடும்பங்கள் முழு ஆண்டையும் தள்ளுகின்றன. ஒரு படலம் தெரிந்தால் அறை பதிவுகள் கழன்று போவது ஒரு கிழமைக்குள்.

பணம் யார் தருவார்? இங்கேதான் மூலம் எது என்பது மறுபடியும் முக்கியமாகிறது. சரக்காக எண்ணெய் ஏற்றிவந்த கப்பலிலிருந்து கொட்டினால், 1992 ஆம் ஆண்டுப் பொறுப்பு உடன்படிக்கையும் அதன் மேல் உள்ள சர்வதேச நட்டஈட்டு நிதியமும் உண்டு. இலங்கை இரண்டிலும் உறுப்பு நாடு. கப்பல்காரரின் காப்புறுதி முதலில் கொடுக்கும், போதாததை நிதியம் கொடுக்கும். மொத்த உச்சவரம்பு 203 மில்லியன் எஸ்.டி.ஆர். அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அண்ணளவாக 270 மில்லியன் டொலர். நியூ டயமண்டின் 20 இலட்சம் பீப்பாயும் கொட்டியிருந்தால், வாகரையிலிருந்து பாணமை வரைக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆனால் ஒரு நல்ல விஷயம்: யாருடைய குற்றம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வலையில் எண்ணெய் படாமல், தொழிலுக்குப் போக முடியாததால் மட்டும் வருமானம் இழந்தவரும் கேட்கலாம். சேதம் ஏற்பட்டு மூன்று ஆண்டுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். எப்படியும் சம்பவத்திலிருந்து ஆறு ஆண்டு தாண்டக்கூடாது.

கொள்கலன் கப்பல் என்றால் இந்த நிதியம் வராது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல்காரர் தம்முடைய பொறுப்பைச் சுமார் 19 மில்லியன் பவுணுக்குள் அடக்க லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நம்முடைய உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரு பில்லியன் டொலர் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஒன்று, அந்தப் பணம் நீர்கொழும்பில் ஒரு மீனவர் வாடியின் வாசலுக்கு வந்து சேர்வது இன்னொன்று.

கடற்கிணறு என்றாலும் அந்த நிதியம் வராது. இது கிழக்குக்குத் தூரத்து விஷயம் இல்லை. நம் கிழக்குக் கடலின் இரண்டு பெரிய துண்டுகளை ஆராய 2016 இலேயே பிரான்சின் டோட்டல் கம்பனியோடு அரசு ஒப்பந்தம் செய்தது. எண்ணெய் கிடைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் தோண்ட அனுமதி கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே நட்டஈட்டுக்கான வங்கிப் பிணைப் பணம் இருக்க வேண்டும். தாய்க் கம்பனி கையெழுத்திட வேண்டும். அதன் பெயரில் இங்கே பதிந்த ஒரு வெறுங்கோது கம்பனி போதாது. லாபம் வரும்போது பங்குதாரருக்கு வழி திறந்திருப்பது போல நட்டம் வரும்போது மீனவருக்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

இதில் நாம் படிக்க வேண்டியது இந்தோனேசியாவின் ரோட்டே தீவுக்காரரிடம். 2009 ஓகஸ்ட் 21 அன்று அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கடலில் மொன்டாரா கிணறு வெடித்து 74 நாள் கசிந்தது. 200 கிலோமீற்றருக்கும் அப்பால், கயிற்றில் கட்டிக் கடற்பாசி வளர்த்துப் பிழைத்த தீவுக்காரருடைய பாசி வெளிறிச் செத்தது. எண்ணெய் அவ்வளவு தூரம் வரவே இல்லை என்று கம்பனி சாதித்தது. அவர்கள் விடவில்லை. எந்த நாளில் கடலில் மெழுகுக் கட்டி மிதந்தது, எந்த நாளில் பாசி வெளிறத் தொடங்கியது, அதற்கு முந்திய ஆண்டுகளில் எத்தனை கிலோ விற்றார்கள் என்பதை ஆள்மேல் ஆளாகச் சாட்சி சொன்னார்கள். 2021 இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. அடுத்த ஆண்டு 192.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்குச் சமரசம். பங்கு கிடைத்தது 15,000க்கும் மேற்பட்ட பாசி விவசாயிகளுக்கு. பதின்மூன்று ஆண்டு.

நம் ஊரில் அப்படிக் கணக்குக் காட்ட யாரால் முடியும்? கரைவலைக்குப் பதிந்த பெயர் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியுடையது. வலையை இழுப்பவர்கள் இருபது, முப்பது பேர்; அவர்களுக்குச் சம்பளச் சீட்டு இல்லை, பட்ட மீனில் பங்கு. கருவாடு போடும் உங்கள் அம்மாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. நட்டஈடு எழுத வரும் உத்தியோகத்தர் படகு இலக்கத்தைக் கேட்பார். படகு இல்லாதவர் நட்டப்படவில்லை என்று ஆகிவிடும். ஆகவே நான் கேட்பது ஒரு சாதாரணக் கொப்பி. திகதி, எந்த மீன், எத்தனை கிலோ, என்ன விலை, யாருக்கு விற்றது. அம்மாவுக்கு: எத்தனை கிலோ பச்சை மீன் வாங்கினா, எத்தனை கிலோ கருவாடு கொடுத்தா, யாரிடம். மாதம் ஒருமுறை சங்கத் தலைவரோ கடற்றொழில் பரிசோதகரோ கிராம உத்தியோகத்தரோ ஒரு கையெழுத்து. எண்ணெய் வந்த பிறகு எழுதிய கொப்பிக்கு மதிப்பில்லை. வருவதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டு கொப்பிதான் பேசும்.

எண்ணெய் கண்டால் தொடாமல், வெறுங்கையால் அள்ளாமல், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கும் கடற்படைக்கும் சொல்லிவிட்டு, கண்ணாடிப் போத்தலில் மாதிரி எடுங்கள். பிளாஸ்ரிக் போத்தல் வேண்டாம், அதன் வேதிப்பொருள் எண்ணெயோடு கலந்து சோதனையைக் கெடுக்கும். மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் ஒன்று வையுங்கள். திகதி, நேரம், இடம், எடுத்தவர் பெயர், கண்ட சாட்சி இருவர். இரண்டு போத்தல் எடுத்து ஒன்றை அதிகாரியிடம் கொடுத்து, மற்றதை இருட்டில், குளிரில் சங்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனித்த வேதிக் கைரேகை உண்டு. எந்தக் கப்பல், எந்தக் கிணறு என்று ஆய்வுகூடம் பிரித்துச் சொல்லும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஹெர்மிஸ் போன்ற பழைய கப்பல்களும் கடலடியில் கிடக்கின்றன என்பதால் இந்தப் பிரித்தறிதல் இங்கே இன்னும் தேவை. பழைய கப்பலின் எண்ணெய் என்று சொல்லி இன்றைய கப்பல் தப்பவும் கூடாது, இன்றைய கப்பல் மேல் பழையதைப் போட்டு நம் கோரிக்கை நீதிமன்றத்தில் உடையவும் கூடாது.

லண்டனில் இருந்து நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, தம்பி. பங்கு எத்தனை இருந்தாலும் கம்பனிக்கு எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எச்சரிக்கை மணி எத்தனை மணிக்கு அடித்தது, குழாய் எத்தனை மணிக்கு நின்றது, காப்புறுதி எவ்வளவு, மீனவரின் கோரிக்கைகளுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? இந்த நாலையும் எழுதி அனுப்புங்கள். பதிலை எனக்கும் அனுப்பினால், விற்பதா வேண்டாமா என்று அதை வைத்துப் பேசலாம். அம்மாவுக்கு அடுத்த தடவை பணம் அனுப்பும்போது கொப்பி வாங்கச் சொல்லுங்கள்; கையெழுத்துக்கு யாரிடம் போவது என்று அண்ணனிடம் நான் சொல்கிறேன்.